கோயிலில் தஞ்சமிருந்தவர்கள் யாரும் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். 1990 ஜூனில் அரசுப் படைக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டை, 2004 சுனாமி, 2006 மூதூர் இடப்பெயர்வு. இந்தக் காலங்களில் திருகோணமலைப் பக்கம் கிறிஸ்தவக் கோயில்களில் தங்கியவர்களின் நினைவுகளைச் சேர்க்கிறோம். சைவரோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, யாராக இருந்தாலும் சொல்லுங்கள். எந்தக் கோயில், பாய் எங்கே விரித்தீர்கள், சமைத்தது யார், பிள்ளைகளுக்குப் பால்மா எப்படிக் கிடைத்தது, இதெல்லாம்தான் வேண்டும். பெரிய ஆட்களின் பேச்சு ஏற்கனவே நிறைய இருக்கிறது.

இன்னொன்று. திருகோணமலை-மட்டக்களப்பு மறைமாவட்டம் (ஒரு கத்தோலிக்க ஆயரின் கீழ் உள்ள பகுதி) 2012இல்தான் இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முன் கோயில்களில் தங்கியவர்களின் பெயர்ப்பட்டியல்கள் ஏதும் இருந்தால் இப்போது எந்த மறைமாவட்டத்தில் கேட்கலாம்? விவரம் தெரிந்த சுவாமிமார் (பாதிரியார்கள்) இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பழைய படங்களை ஃபோனில் எடுத்து அனுப்பினாலே போதும். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.