மாமனார் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார், வெயிலோ கொளுத்துகிறது. என்ன செய்யலாம்?

பெகு மருமகள் எழுதியது:

வணக்கம். நாங்கள் பர்மாவில் பெகு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மாமனாருக்கு 78 வயது. வயல் வேலையை விட்டுவிட்டார், ஆனாலும் காலையில் மாட்டைப் பார்க்கிறேன், வேலியைப் பார்க்கிறேன் என்று வெயிலில் கிளம்பிவிடுவார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு நீர் பிரிவதற்கும் ஒரு மாத்திரை உண்டு. பங்குனி பிறந்ததிலிருந்தே புழுக்கம் தாங்கவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஃபேன் பாதி நேரம் ஓடுவதில்லை.

காலையில் ஒரு டம்ளர் டீ, சாப்பாட்டோடு இரண்டு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான் குடிக்கிறார். "குடியுங்கள் மாமா" என்றால், "தாகம் இல்லாதவனுக்கு எதுக்கும்மா தண்ணி" என்பார். முந்தாநாள் மத்தியானம் என்னை நாத்தனார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கட்டிலை விட்டு எழுந்தவர் தள்ளாடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். மோர் கொடுத்துப் படுக்க வைத்தேன், சாயந்திரம் தெளிவாகப் பேசினார். வீட்டில் எல்லோரும் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இது உடம்பில் தண்ணீர் வற்றியதால் வருவதா? எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ரங்கோன் தம்பி:

அக்கா, தினமும் எட்டு டம்ளர் கணக்கு வைத்துக் குடிக்க வையுங்கள். இளநீர் நிறையக் கொடுங்கள், சூடு தணிந்துவிடும். எங்கள் தாத்தாவுக்கும் நீர்க்கடுப்பு வந்தபோது அப்படித்தான் சரியானது.

தாட்டோன் நர்ஸ் அக்கா:

தங்கச்சி, முதலில் ஒன்று. மத்தியானம் ஆள் மாறிப் பேசியதை வயசு என்று விட்டுவிடாதீர்கள். நேற்று வரை நன்றாகப் பேசியவர் திடீரென்று குழம்பினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நீர் வற்றியது காரணமாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், மூத்திரத்தில் கிருமியாக இருக்கலாம், ரத்தத்தில் உப்புக் குறைந்ததாகவும் இருக்கலாம். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கடைசியில் சொன்னது அடிக்கடி வரும். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் சோடியம் (நான் சொன்ன உப்பு அதுதான்), பொட்டாசியம், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்; குறைப்பதா, சில நாள் நிறுத்தி வைப்பதா என்று அவர் சொல்லட்டும். ஒரு பக்கம் முகம் கோணினாலோ கை தூக்க வராமல் போனாலோ பேச்சு குழறினாலோ நாளை வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

"தாகம் இல்லை" என்று அவர் சொல்வது பொய் இல்லை. வயதாக ஆகத் தாக உணர்ச்சியே மங்கிவிடும். நீரைப் பிடித்து வைக்கும் கிட்னியின் சக்தியும் குறையும். வாலிப வயதில் ஆண் உடம்பில் 100க்கு 60 பங்கு தண்ணீர் என்றால், முதுமையில் அது 50 அளவுக்கு வந்துவிடும். இருப்பே குறைவு, அதில் கொஞ்சம் போனாலும் ஆளைத் தள்ளும். ஆகவே தாகம் வரட்டும் என்று காத்திருப்பது பெரியவர்களுக்கு ஒத்துவராது.

நான் வார்டில் இருந்த காலத்தில் பெரியவர் யாராவது சோர்ந்துபோய் வந்தால் முதலில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பேன். உதடு காய்ந்திருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டேன், வாயால் மூச்சு விடுகிறவருக்கும் உதடு காயும். கன்னத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா, நாக்கு மினுமினுப்பாக இருக்கிறதா, இல்லை நீளவாக்கில் வெடித்துச் சொரசொரவென்று கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்சில் நூல்போல இழுத்துக்கொண்டு வந்தால் நன்றாகவே வற்றியிருக்கிறது. அப்புறம் அக்குளில் கை வைத்துப் பாருங்கள். இந்தப் புழுக்கத்திலும் அக்குள் காய்ந்து கிடந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. தோலைக் கிள்ளிப் பார்க்கும் வழக்கம் குழந்தைகளுக்குத்தான் சரிப்படும். பெரியவர்களுக்குத் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் கிள்ளினால் எப்போதும் மெதுவாகத்தான் திரும்பும்.

வீட்டில் சுலபமாகப் பார்க்கக்கூடியது மூத்திரம். ஒரு வெள்ளைக் கிண்ணத்திலோ கண்ணாடிப் பாட்டிலிலோ பிடிக்கச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி. டீக்கடையில் இலவசமாக வைக்கிற பால் கலக்காத தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் போதாமல் இருக்கலாம். வைட்டமின் பி மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீர் மாத்திரை போட்ட சில மணி நேரம் எல்லாம் தெளிவாகத்தான் போகும், அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எத்தனை தடவை போகிறார், எவ்வளவு போகிறார் என்றும் கவனியுங்கள். மலச்சிக்கல், எழுந்ததும் கண் இருட்டுவது, படபடப்பு, குழி விழுந்த கண் எல்லாம் சேர்ந்து வந்தால் நீர் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

தம்பி எட்டு டம்ளர் கணக்குச் சொன்னார், அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொதுவாக வயதான ஆணுக்குக் குடிக்கும் பானமாகவே நாளைக்கு 2 லிட்டர், பெண்ணுக்கு 1.6 லிட்டராவது வேண்டும் என்பார்கள். டீ, மோர், கஞ்சி, சூப் எல்லாம் இதில் சேர்த்திதான். டீ குடித்தால் நீர் போய்விடும் என்பார்கள், அளவாகக் குடிக்கிற டீ அப்படிச் செய்யாது. ஆனால் இருதயம் வீங்கியவர், கிட்னி பழுதானவர் என்றால் இந்தக் கணக்கே வேறு. உங்கள் மாமாவுக்கு நீர் மாத்திரை எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டுதான் அளவைக் கூட்ட வேண்டும். தம்பி சொன்ன இளநீரும் அப்படியே. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கிட்னி பலவீனமாக இருந்தாலோ, சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தாலோ பொட்டாசியம் ஏறிவிடும். எப்போதாவது ஒன்று என்றால் சரி, நிறைய வேண்டாம்.

இன்னொன்று. முட்டி வலிக்குக் கடையில் சில மாத்திரைகளைச் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதை வாங்கிச் சாப்பிடுகிறாரா? பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் தண்ணீர் வற்றிய உடம்பில் சேர்ந்தால் கிட்னிக்கு ஆபத்து. அந்த வலிப் பொட்டலத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

பெகு மருமகள்:

அக்கா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம், நீங்கள் சொன்ன தேநீர் நிறமேதான். வலிப் பொட்டலமும் தலையணைக்கு அடியில் இருந்தது. டவுனுக்குக் கூட்டிப்போனோம். ஒரு கிளினிக்கில் பார்க்காமலே "வயசுக் கோளாறு" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். சோடியம் குறைந்திருக்கிறதாம், கிட்னியும் கொஞ்சம் திணறுகிறதாம். நீர் மாத்திரையை நிறுத்தி, ஒரு பாட்டில் சலைனும் ஏற்றினார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது, ஒன்றரை லிட்டர் வரை குடிக்கட்டும் என்றார் டாக்டர்.

அப்புறம் ராத்திரி பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் வந்தது. கக்கூஸ் கொல்லையில் இருக்கிறது. கரண்ட் இல்லாத இருட்டில் எழுந்து போகப் பயம். போன மழைக்காலத்தில் படியில் வழுக்கியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. எழுந்திருக்க வேண்டாமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்!

தாட்டோன் நர்ஸ் அக்கா:

பார்த்தீர்களா. நான் கண்ட பெரியவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், கூச்சம். அவருக்கு "குடி குடி" என்று சொல்வதை விட இரவுக்கு வழி செய்து கொடுப்பதுதான் மருந்து. கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி ஒன்று, கைக்கு எட்டும் இடத்தில் சார்ஜ் லைட் ஒன்று வையுங்கள். மருமகள் வாளியை எடுப்பதா என்று கூச்சப்படுவார், அந்த வேலையை உங்கள் வீட்டுக்காரர் பார்க்கட்டும். தண்ணீரில் முக்கால் பங்கைக் காலை எழுந்ததிலிருந்து நாலு மணிக்குள் குடிக்க வைத்துவிடுங்கள், ராத்திரி மாத்திரைக்கு ஒரு மடக்குப் போதும். ஒரேயடியாக ஒரு செம்பு நீட்டாதீர்கள். அரை டம்ளராக, அவர் கேட்காமலே கையில் கொடுங்கள். சோடியம் குறைந்தவருக்கு வெறும் தண்ணீராகக் கொட்டுவதும் நல்லதில்லை. உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், நீராகாரம், காலையில் மொகிங்கா (பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ்) சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பிரஷர் இருப்பதால் உப்பின் அளவை மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாந்தலே அண்ணன்:

நான் கட்டட வேலை மேஸ்திரி. இந்தப் பக்கம் வெயில் உங்கள் பக்கம்போல் வியர்த்து வழியாது, உலர்ந்த வெயில். வியர்ப்பதே தெரியாமல் காய்ந்துவிடும், அதனால் பையன்கள் ஏமாந்துபோகிறார்கள். 2024 ஏப்ரல் 28 அன்று மாகுவே பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி போனது. வழியில் பர்மாக்காரர்கள் புண்ணியத்துக்கு வைக்கிற மண்பானைத் தண்ணீர் இல்லாவிட்டால் பலர் விழுந்திருப்பார்கள். என் கேள்வி: வேலையில் ஒரு பையன் தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்று உட்கார்ந்துவிட்டால் என்ன கொடுப்பது?

தாட்டோன் நர்ஸ் அக்கா:

அண்ணே, நிழலில் படுக்க வைத்துச் சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். (சர்க்கரையும் உப்பும் சேர்ந்த பொடியைக் கரைத்த தண்ணீர்) கொடுங்கள். பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவு மாறும், எந்தக் கம்பெனியானாலும் உறையில் எழுதியபடி கலக்க வேண்டும். கையில் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தப்பக் கூடாது, உப்பு கூடினால் கெடுதல். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், தண்ணீரும் பின்னாலேயே போகும். 1971இல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதேபோன்ற கரைசலைக் கொடுத்துத்தான் 100க்கு 30 வரை இருந்த சாவை 4க்குக் கீழே கொண்டுவந்தார்.

பையன் உளறினாலோ மயங்கினாலோ உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாயந்திரம் கள் குடித்துவிட்டு வருகிறவர்கள் மறுநாள் வற்றிய உடம்போடுதான் வேலையைத் தொடங்குகிறார்கள், காலையில் வேலையில் ஏறுவதற்கு முன்பே அவர்களை நன்றாகக் குடிக்க வையுங்கள்.

பெகு மருமகள்:

வாளியும் லைட்டும் வைத்துவிட்டோம் அக்கா. அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

தாட்டோன் நர்ஸ் அக்கா:

கொடுக்கலாம் தங்கச்சி. அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், நீர் வற்றுவதைவிட அது கெடுதல் இல்லை. சர்க்கரை அளவை மட்டும் அடிக்கடி பாருங்கள். இன்சுலின், மாத்திரையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.