டிக்கெட் இருந்தும் மவுண்ட் ஆகாத பகிர்வு: கெர்பரோஸ் அனுபவங்கள்

வணக்கம். லினக்ஸ் கணினியில் கெர்பரோஸ் அங்கீகாரத்துடன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக 'டிக்கெட்' என்ற தற்காலிகச் சான்றால் அடையாளத்தை உறுதிசெய்யும் முறை) ஒரு விண்டோஸ் பகிர்வை மவுண்ட் செய்யும்போது, அதாவது ஒரு கோப்புறைபோல இணைக்கும்போது, நான் சந்தித்த சிக்கலையும் அது தீர்ந்த விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். உங்கள் அனுபவங்களையும் சேர்த்தால் ஒரே இடத்தில் தேடிப் படிக்க வசதியாக இருக்கும்.

பயனர் உள்நுழைந்து, டிக்கெட் வாங்கும் 'கேஇனிட்' கட்டளையைக் கொடுத்திருந்தார்; டிக்கெட்டுகளைப் பட்டியலிடும் 'கேலிஸ்ட்' செல்லுபடியாகும் டிக்கெட்டைக் காட்டியது; பகிர்வை மவுண்ட் செய்யாமலே அணுகும் 'எஸ்எம்பிகிளையண்ட்' நிரல் அதே டிக்கெட்டைக் கொண்டு கடவுச்சொல் கேட்காமல் பகிர்வைத் திறந்தது. ஆனால் 'சூடோ' வழியாக (அதாவது ரூட் எனப்படும் நிர்வாகியின் உரிமையுடன்), கெர்பரோஸைப் பயன்படுத்தச் சொல்லும் 'செக்=கேஆர்பி5' என்ற விருப்பத்துடன் மவுண்ட் கட்டளையைக் கொடுத்தால், தேவையான சாவி கிடைக்கவில்லை என்று பொருள்படும் 126-ஆம் எண் பிழை மட்டுமே வந்தது. டிக்கெட் கண்ணெதிரே இருக்கும்போது சாவி இல்லை என்று சொல்லப்படுவதால், பெரும்பாலோர் இந்த இடத்தில் டிக்கெட்டை அழித்து மறுபடியும் வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அதை யார், யாருடைய பெயரில், எங்கே தேடுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

எஸ்எம்பிகிளையண்ட் முழுக்கப் பயனரின் பெயரிலேயே இயங்கும் நிரல் என்பதால், அவருடைய டிக்கெட்டை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. மவுண்ட் அப்படி அல்ல. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலை. கெர்னலுக்குக் கெர்பரோஸ் தெரியாது. ஆகவே அது 'ரிக்வெஸ்ட்-கீ' என்ற நிரலை அழைக்கிறது. அந்த நிரல் தன் அமைவுக் கோப்பைப் பார்த்து 'சிஐஎஃப்எஸ்.அப்கால்' என்ற இன்னொரு நிரலை இயக்குகிறது. டிக்கெட்டைத் தேடி எடுத்துக் கெர்னலிடம் ஒப்படைப்பது இந்தக் கடைசி நிரல்தான். ரிக்வெஸ்ட்-கீயைத் தரும் 'கீயூட்டில்ஸ்' தொகுப்பு நிறுவப்படாத கணினியில் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். அப்போதும் வருவது இதே 126-தான். எனவே முதலில் அந்தத் தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் கணினியில் அது இருந்தது. கணினியின் நிகழ்வுப் பதிவான ஜர்னலில் சிஐஎஃப்எஸ்.அப்கால் எழுதியிருந்த நீண்ட வரியில்தான் விடை கிடைத்தது. சேவையகத்தின் பெயர், அதன் ஐபி முகவரி, அங்கீகார வகை, அழைத்த செயலின் எண் எல்லாம் அந்த ஒரே வரியில் வரிசையாக இருக்கும். அவற்றிடையே 'கிரெட்யுஐடி' என்ற புலம் ஒன்று உண்டு. யாருடைய டிக்கெட்டைத் தேட வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. எங்கள் பதிவில் அதன் மதிப்பு சுழியம், அதாவது ரூட். சூடோ வழியாக மவுண்ட் செய்ததால் ரூட்டின் டிக்கெட் தேடப்பட்டது. ரூட்டிடம் டிக்கெட் ஏதும் இல்லை. மவுண்ட் விருப்பங்களில் 'சிஆர்யுஐடி' என்பதைச் சேர்த்துப் பயனரின் எண்ணைக் கொடுத்ததும் அந்தப் புலம் பதினாறடிமான எண்ணாக 3இ8 என்று மாறியது. பதின்ம எண்ணில் அது 1000. 'யுஐடி' என்ற விருப்பத்தை இதற்காகப் பயன்படுத்தும்படி சில குறிப்புகள் சொல்கின்றன. கோப்புகள் யாருக்கு உரியவையாகக் காட்டப்பட வேண்டும் என்பதற்கு உரிய விருப்பம் அது. டிக்கெட் தேடும்போது வேறொருவரின் பெயரைச் சொல்ல வேண்டுமானால் சிஆர்யுஐடியைத் தனியாகக் கொடுப்பதே தெளிவு.

அதற்குப் பிறகும் 126 நீங்கவில்லை. பெயர் சரியாகிவிட்டது, இடம் சரியாகவில்லை. உள்நுழைவு நேரத்தில் உருவான டிக்கெட், 'டிஎம்பி' கோப்புறையில் பயனர் எண்ணுக்குப் பின்னால் சீரற்ற எழுத்துகள் ஒட்டிய பெயருள்ள கோப்பில் இருந்தது. பயனரின் ஷெல்லில் 'கேஆர்பி5சிசிநேம்' என்ற சூழல் மாறி அந்தக் கோப்பைச் சுட்டியதால் கேலிஸ்ட்டுக்குச் சிக்கல் ஏற்படவில்லை. சிஐஎஃப்எஸ்.அப்காலும் தன்னை அழைக்கக் காரணமான செயலின் சூழலில் இந்த மாறியைத் தேடத்தான் செய்கிறது. ஆனால் இங்கே அந்தச் செயல் சூடோவின் கீழ் இயங்கிய மவுண்ட், சூடோவோ வழக்கம்போலச் சூழல் மாறிகளைக் களைந்துவிட்டது. எஞ்சியது கெர்பரோஸ் அமைவுக் கோப்பில் குறிப்பிட்ட இயல்பு இடம் மட்டுமே, அங்கே ஒன்றும் இல்லை. உள்நுழைவுச் சேவை டிக்கெட்டை வைக்கும் இடத்தையும் அமைவுக் கோப்பில் உள்ள இயல்பு இடத்தையும் ஒன்றாக்கியவுடன் பகிர்வு மவுண்ட் ஆனது. அந்த இடம் கோப்பாகவோ, கெர்னலின் சாவி வளையமாகவோ, டிக்கெட்டுகளைச் சேமித்துவைக்கும் 'கேசிஎம்' சேவையாகவோ இருக்கலாம்; இரண்டு பக்கமும் ஒன்றையே சொல்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

பதில்

மிகவும் பயனுள்ள பதிவு, நன்றி. லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் கோப்புகளைப் பகிரப் பயன்படும் என்எஃப்எஸ் பக்கத்தில் கதை ஏறக்குறைய தலைகீழாக இருப்பதைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே மவுண்ட் வெற்றி பெறுவது பயனரின் டிக்கெட்டைப் பற்றி எதையுமே நிரூபிப்பதில்லை. ரூட் மவுண்ட் செய்யும்போது 'ஆர்பிசி.ஜிஎஸ்எஸ்டி' என்ற சேவை பொதுவாகக் கணினியின் சொந்தக் கீடேப் கோப்பில் (கெர்பரோஸ் சாவிகளைச் சேமித்து வைக்கும் கோப்பு) உள்ள அடையாளத்தைப் பயன்படுத்துகிறது. பயனர் கோப்புறைக்குள் நுழையும்போதுதான் அவருடைய டிக்கெட் தேடப்படுகிறது. அது இல்லையென்றால் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வரும். அதைப் பார்த்தவர்கள் சேவையகத்தில் கோப்பு அனுமதிகளை மாற்றத் தொடங்கி, இல்லாத சிக்கலைத் தீர்க்க முயன்று புதிய சிக்கல்களை உருவாக்கியதை நான் கண்டிருக்கிறேன்.

சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், ஆர்பிசி.ஜிஎஸ்எஸ்டிக்கான அமைவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: 'எட்சி' கோப்புறையில் கெர்பரோஸ் கீடேப் இல்லையென்றால் சேவை தொடங்காது. அது தோல்வியாகவும் காட்டப்படாது. நிபந்தனை நிறைவேறவில்லை என்று அமைதியாக விலகி நிற்கும். தோல்வியடைந்த சேவைகளின் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தட்டுப்படாது.

எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது சேவையகத்தின் பெயர். முழுப் பெயரைக் கொடுத்தே மவுண்ட் செய்தோம். ஆயினும் கெர்பரோஸ் நூலகம் அந்தப் பெயரின் ஐபி முகவரியைக் கண்டுபிடித்து, அந்த முகவரியின் எதிர்த்திசை டிஎன்எஸ் பதிவிலிருந்து (முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) வேறொரு பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கான டிக்கெட்டைக் கேட்டது. அந்த எதிர்த்திசைப் பதிவு, முன்பு அதே முகவரியில் இருந்து அகற்றப்பட்ட சேவையகத்தினுடையது. சேவையகம் கெர்பரோஸ் தரவுத்தளத்தில் இல்லை என்ற செய்தி வந்ததற்கு இதுவே காரணம். அமைவுக் கோப்பில் இந்த எதிர்த்திசைத் தேடலுக்கான 'ஆர்டிஎன்எஸ்' என்பதை அணைத்தபோது சரியானது. டிஎன்எஸ் பதிவையும் திருத்தச் சொன்னோம். அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

பதில்

சேவையகப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். காலையிலேயே பகிர்வைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல், பிற்பகலில் வந்தவர்களுக்கு மட்டும் மறுக்கப்படுகிறது என்றால் கிளையண்ட் கணினிகளைத் தோண்ட வேண்டாம். சேவைக் கணக்கின் கடவுச்சொல் டொமைனில் (கணக்குகளை நிர்வகித்து டிக்கெட் கொடுக்கும் மைய அமைப்பு) மாற்றப்பட்டு, சேவையகத்தின் கீடேப்பில் பழைய சாவியே தங்கியிருக்கும் நிலை அது. முன்பே பெற்ற சேவை டிக்கெட்டுகள் பழைய சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டவை ஆதலால் காலாவதியாகும் வரை செல்லும். புதியவற்றைச் சேவையகத்தால் திறக்க முடியாது. 'கேவிஎன்ஓ' கட்டளை சாவியின் பதிப்பு எண்ணைக் காட்டும். கீடேப்பைப் பட்டியலிட்டால் அங்குள்ள எண் தெரியும். இரண்டும் வேறுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது. கீடேப்பைப் புதிதாக உருவாக்குகிறோம் என்று பழைய சாவிகளை நீக்கிவிட்டால் இதற்கு நேர் எதிரான காட்சி தோன்றும்: காலையில் வந்தவர்கள் மறுக்கப்படுவார்கள், புதிதாக வருபவர்கள் நுழைவார்கள். ஆகவே பழைய டிக்கெட்டுகள் தீரும் வரை இரண்டு பதிப்புகளையும் கீடேப்பில் வைத்திருப்பது என் வழக்கம்.

எண்கள் ஒத்திருந்தும் மறுக்கப்பட்டால் மறையாக்க வகையைப் பாருங்கள். ஆர்சி4 என்ற பழைய மறையாக்க வகையைக் கைவிடும்படி 2018-இல் வெளியான ஆர்எஃப்சி 8429 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அறிவுறுத்துகிறது. கீடேப்பில் ஆர்சி4 சாவி மட்டும் இருந்து, டொமைன் புதிய ஏஇஎஸ் வகையில் டிக்கெட் கொடுத்தால் இரண்டும் பொருந்தாது.

பதில்

இரவில் தானாக இயங்கும் பணிகளைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. விண்டோஸ் டொமைன்களை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பு அமைப்பில் டிக்கெட்டின் ஆயுள் 10 மணி நேரம். புதுப்பித்துக்கொண்டே போனாலும் 7 நாள். மாலையில் தொடங்கிய நீண்ட கணக்கீடு விடியும் முன் என்எஃப்எஸ் பகிர்வில் எழுத முடியாமல் நின்றுபோவதற்கு இதுவே காரணம். பயனரின் டிக்கெட்டை நீட்டிக்க முயல்வதைவிட, அந்தப் பணிக்கென்று குறைந்த உரிமைகளோடு தனிக் கணக்கு உருவாக்கி, அதன் கீடேப்பை உரியவர் மட்டும் படிக்கும்படி வைத்து, 'கே5ஸ்டார்ட்' போன்ற நிரலைக் கொண்டு டிக்கெட்டை அவ்வப்போது புதிதாகப் பெறுவதே நிலைத்து நிற்கிறது. கீடேப் என்பது கடவுச்சொல்லுக்குச் சமம். காப்புப் பிரதிகளில் அது கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்

அனைவருக்கும் நன்றி. தொடக்கப் பதிவில் விடுபட்ட இரண்டைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது கடிகாரம். இயல்பாக 5 நிமிட வேறுபாடு வரைதான் பொறுத்துக்கொள்ளப்படும். இடைநிறுத்தி மறுபடியும் எழுப்பிய மெய்நிகர் கணினிகளில் இது அடிக்கடி மீறப்படுகிறது. நல்லவேளையாக இதற்கான பிழைச் செய்தி நேர்மையானது, காரணத்தையே சொல்லிவிடும்.

இரண்டாவது, 'கேஆர்பி5டிரேஸ்' என்ற சூழல் மாறி. கேஇனிட்டிலும் கேவிஎன்ஓவிலும் ஒவ்வொரு அடியையும் விளக்கமாகக் காட்டும் இந்த மாறியை மவுண்ட் கட்டளைக்கு முன்னால் வைத்தால் ஒன்றும் வராது, ஏனெனில் சிஐஎஃப்எஸ்.அப்காலைத் தொடங்குவது உங்கள் ஷெல் அல்ல, கெர்னல். அதனால் நான் பயனராகவே இருந்து, 'சிஐஎஃப்எஸ்' என்ற சேவைப் பெயருடன் சேவையகத்தின் முழுப் பெயரை இணைத்துக் கேவிஎன்ஓ கட்டளையை இந்த மாறியுடன் இயக்கிப் பார்க்கிறேன். அங்கே சேவை டிக்கெட் கிடைத்துவிட்டால் டொமைனும் டிஎன்எஸும் கடிகாரமும் சரி. இனித் தேட வேண்டியது ஜர்னலில் சிஐஎஃப்எஸ்.அப்கால் எழுதிய வரியை மட்டுமே.