நிலக்கரி தராத துறைமுகங்கள்: 1905இல் பிரான்ஸ் வேறு முடிவு எடுத்திருந்தால்?

மலாயன் பேரன் (கேள்வி):
எங்கள் பூட்டன் மலாயா ரெயில்வேயில் கிளார்க். 1905 ஏப்ரலில் ரஷ்யக் கப்பல்கள் புகை கக்கிக்கொண்டு சிங்கப்பூரைத் தாண்டிப் போனதைப் பார்க்கச் சனம் கடற்கரையில் நின்றது என்று அவர் சொன்னதாக அம்மப்பா அடிக்கடி கதைப்பார். லொக்டவுன் காலத்தில் அதைத் தேடப்போய் ரஷ்ய–யப்பான் போரிலேயே விழுந்துவிட்டேன். போல்டிக் கடலில் இருந்து ஏறக்குறைய 18,000 கடல்மைல் ஓடிவந்த கடற்படை யப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையில் சுஷிமாவில் இரண்டு நாளில் அழிந்துபோனது. எனக்குப் பிடிபடாதது ஒன்று. வழியில் ரஷ்யாவுக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம்கூட இல்லை, எல்லாம் பிரான்ஸ், போர்த்துக்கல், ஜேர்மனி, பிரித்தானியா என்று போரில் சேராத நாடுகளுடையவை. பிரான்ஸ் ரஷ்யாவின் நட்பு நாடுதானே, அது தன் துறைமுகங்களை முழுதாகத் திறந்துவிட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா?

குருநகரான்:
தம்பி, இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் 90களில் இருந்த எவரும் பதில் சொல்வார்கள். எரிபொருள் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். போத்தலில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் சாவகச்சேரி வரை போகலாமா கூடாதா என்பதே முடிவாகும். ரஷ்யக் கடற்படைத் தளபதி ரொஜெஸ்த்வென்ஸ்கியும் அப்படித்தான் நிலக்கரியை எண்ணி எண்ணி வந்தார், ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்களோடு.

1904 ஒக்டோபர் 15 போல்டிக் கரையில் லிபாவ் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை, வடகடலில் டொகர் பாங்க் பக்கம் இரவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பிரித்தானியாவின் ஹல் ஊர்ப் படகுகளை யப்பான்காரனின் டோர்பிடோப் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். மீனவர்கள் செத்தார்கள், அந்தக் குழப்பத்தில் தங்கள் கப்பலான அவ்ரோராவையே சுட்டுக்கொண்டார்கள். (கடலில் இரவில் யார் எவர் என்று தெரியாமல் சுடுவது பற்றி எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை.) பிரித்தானியா போருக்கே வந்துவிடும் போல இருந்தது. அதற்குப் பிறகு பிரித்தானியத் துறைமுகம் ஒன்றிலும் கரி எடுப்பதை மறந்துவிட வேண்டியதுதான். டக்கார், கபூன், அங்கோலா, ஜேர்மன் தென்மேற்கு ஆபிரிக்கா என்று இடம் இடமாக நின்று, ஹம்பேர்க் கம்பனியின் கரிக்கப்பல்களில் இருந்து கரி ஏற்றினார்கள். அங்கோலாவில் ஒரு சின்னப் போர்த்துக்கேயப் பீரங்கிப் படகு வந்து இந்தப் பெரிய கடற்படையையே “வெளியே போ” என்றது! அடுத்த நிறுத்தத்தில் கரி கிடைக்குமோ தெரியாது, ஆகவே கிடைத்த இடத்தில் மேல்தளம், படுக்கும் இடம் எங்கும் கரி நிரப்பினார்கள். பாரத்தில் கப்பல் தாழ்ந்து, கவசம் நீருக்குள் போனது.

என் கணிப்பு இதுதான்: பிரான்ஸ் முழுதாகக் கொடுக்கவுமில்லை, முழுதாக மறுக்கவுமில்லை. அந்த அரைகுறைதான் ரஷ்யாவுக்கு எமன். பிரான்சிடம் இருந்த டக்காரில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருந்தால் அவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள், கப்பலாவது மிஞ்சியிருக்கும்.

பருத்தித்துறை வாடைக்காற்று:
அண்ணை சொல்வது பாதி சரி. ஆனால் பிரான்ஸ் ஏன் அப்படிச் செய்தது? 1902 ஜனவரியில் பிரித்தானியாவும் யப்பானும் செய்த ஒப்பந்தத்தின்படி, ரஷ்யாவோடு இன்னொரு நாடு போரில் சேர்ந்தால் பிரித்தானியாவும் இறங்க வேண்டும். 1904 ஏப்ரல் 8 பிரான்ஸ் பிரித்தானியாவோடு நட்பு உடன்பாடும் செய்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், ரஷ்யக் கடற்படை சிங்கப்பூரைத் தாண்டியது 1905 ஏப்ரல் 8, சரியாக ஒரு வருடம். கேள்வி கேட்ட தம்பியின் பூட்டன் அந்த ஆண்டு நிறைவைத்தான் பார்த்திருக்கிறார். நண்பனையும் விட முடியாது, புது உறவையும் கெடுக்க முடியாது என்ற நிலை. அதனால்தான் மடகஸ்காரில் பெரிய துறைமுகத்தில் விடாமல் நொசி பே தீவுக்குத் தள்ளினார்கள், பிறகு இந்தோசீனாவில் காம் ரான் குடாவை விட்டு எழும்பச் சொன்னார்கள், இவர்கள் பக்கத்துக் குடாவுக்குள் போய் நின்றார்கள். வாடகை வீட்டுக்காரன் கதைதான்.

ஆனால் நொசி பேயில் மார்ச் 16 வரை கிடந்தது பிரான்சால் மட்டும் இல்லை. ஜனவரி 2 யப்பான் முற்றுகையிட்டிருந்த ரஷ்யக் கடற்படைத்தளம் போர்ட் ஆர்தர் விழுந்துவிட்டது, யாரைக் காப்பாற்றப் போனார்களோ அவர்களே இல்லை. அப்போதும் ரஷ்யத் தலைநகர் பீற்றர்ஸ்பேர்க் இன்னும் பழைய கப்பல்களை அனுப்புகிறோம், பொறு என்றது. ஹம்பேர்க் கரிக்காரரும் இதற்கு மேல் வரமாட்டோம் என்று இழுத்தடித்தார்கள். வெப்பக்கடலில் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்து வேகம் போனது. வள்ளம் வைத்திருப்பவனைக் கேளுங்கள், இரண்டு மாதம் கரையேற்றிச் சுரண்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்று. அந்த நேரத்தில் யப்பானியத் தளபதி டோகோ தன் கப்பல்களைத் திருத்தி, குறிபார்த்துச் சுடப் பழகிக்கொண்டிருந்தார்.

மலாயன் பேரன்:
அப்போ பிரான்ஸ் கப்பல் திருத்த நல்ல டொக் கொடுத்து அடியைச் சுரண்டவும் விட்டிருந்தால்?

பருத்தித்துறை வாடைக்காற்று:
வேகம் கூடியிருக்கும். ஆனால் குறிபார்த்துச் சுடப் பழகியிருக்கமாட்டார்கள். தோல்வி கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். சுஷிமாவில் யப்பான் இழந்தது மூன்றே மூன்று டோர்பிடோப் படகு, அந்த இடைவெளியை டொக் ஒன்று நிரப்பாது.

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
எல்லோரும் பிரான்ஸையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்க்கிற இடம் வேறு: ஆர்ஜென்டினா. அதுவும் சிலியும் 1902இல் ஆயுதப் போட்டியை நிறுத்த ஒப்பந்தம் செய்ததால், இத்தாலியில் ஜெனோவாவில் கட்டி முடிந்துகொண்டிருந்த இரண்டு கவசக் குரூசர்களை ஆர்ஜென்டினா விற்க வந்தது. ரஷ்யாவும் கண் வைத்திருந்தது. 1903 முடிவில் யப்பான் வாங்கிவிட்டது, அவைதான் கசுகா, நிஷின். சிலியின் இரண்டு போர்க்கப்பல்களைப் பிரித்தானியாவே வாங்கிக்கொண்டது, ரஷ்யாவிடம் போகக்கூடாது என்று. இது நடுநிலையா? தராசுத் தட்டில் விரல் வைப்பது என்று என் அப்பு சொல்வார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1904 மே 15 ஒரே நாளில் கண்ணிவெடியில் யப்பான் தன் ஆறு பெரிய போர்க்கப்பல்களில் இரண்டை இழந்தது. மிச்சம் நான்கு. டோகோ வரிசையில் அந்த ஓட்டையை அடைத்தவை கசுகாவும் நிஷினும், ஒகஸ்ட் 10 மஞ்சள் கடல் போரிலும் சுஷிமாவிலும். அவை ரஷ்யாவிடம் போயிருந்தால் இங்கே இரண்டு குறைந்து அங்கே இரண்டு கூடும், வித்தியாசம் நான்கு. அப்படியென்றால் போர்ட் ஆர்தர்க் கடற்படை ஒகஸ்டில் உடைத்து வெளியே வந்திருக்கக்கூடும், போல்டிக் கடற்படை வரவேண்டிய தேவையே குறைந்திருக்கும். (பிற்காலத்தில் யப்பான் கடற்படைத் தளபதியான யமமோட்டோ சுஷிமாவில் நிஷினில்தான் இரண்டு விரல் இழந்தார்.) துருக்கி நீரிணை இன்னொன்று. கருங்கடலில் ரஷ்யாவுக்கு முழுக் கடற்படை சும்மா கிடந்தது, ஒப்பந்தம் வெளியே விடவில்லை, பிரித்தானியா அந்த ஒப்பந்தத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. ஆக, போர் தொடங்கும் முன்பே பாதி முடிவு எழுதியாகிவிட்டது.

குருநகரான்:
வாத்தியார், வித்தியாசம் நான்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன், கரிதான் முழுக்கதை என்று சொன்னது கூடிப்போச்சு. ஆனாலும் இந்தக் கரிச் சண்டையின் பிறகுதான் 1907இல் ஹேக்கில் விதி எழுதினார்கள்: அந்த நாட்டுச் சட்டம் வேறு சொல்லாவிட்டால் நடுநிலைத் துறைமுகத்தில் போர்க்கப்பல் 24 மணித்தியாலம்தான் தங்கலாம், அதே நாட்டுத் துறைமுகத்தில் மூன்று மாதத்துக்கு மறுபடி கரி இல்லை.

இன்னொன்று, சுஷிமாவில் தப்பி, அப்போது அமெரிக்கர் கையில் இருந்த மணிலாவுக்கு ஓடிய மூன்று கப்பல்களை அமெரிக்கா பிடித்து வைத்துப் போர் முடிந்துதான் விட்டது. அதில் ஒன்று ஜெம்சுக். 1914 ஒக்டோபர் 28 பினாங்கில் நங்கூரமிட்டு நின்ற அந்த ஜெம்சுக்கை மூழ்கடித்தது யார் தெரியுமா? ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன்! எங்கள் ஆச்சிமார் சுட்டிப் பிள்ளையைத் திட்டுவார்களே, அதே எம்டன். தம்பி, உங்கள் பூட்டன் அப்போதும் மலாயாவிலா?

மலாயன் பேரன்:
ஓம், ஆனால் கோலாலம்பூரில். எம்டன் கதை எங்கள் வீட்டில் இல்லை, மாமாவைக் கேட்டுப் பார்க்கிறேன். அவரிடம் பூட்டனின் பழைய ட்ரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறது.