பதினொன்றரை வயது மகளுக்கு முட்டி தட்டுகிறது, இப்போதே பிளேட் வைக்கலாமா, காத்திருக்கலாமா?

பாலக்கோடு அப்பா:

வணக்கம். எங்களுக்கு தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். மகளுக்குப் பதினொன்றரை வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. நேராக நிற்கச் சொன்னால் முட்டி இரண்டும் ஒட்டிக்கொள்கிறது, கணுக்கால் சேரவே மாட்டேன் என்கிறது, நடுவில் 12 செ.மீ. இடைவெளி என்று டாக்டர் அளந்து சொன்னார். ஓடினால் கால் பின்னி விழுகிறாள். மாடிப்படி ஏறினால் முட்டி வலி. சின்ன வயதில் லேசாகத்தான் இருந்தது, வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள், ஆனால் இரண்டு வருஷமாகக் கூடிக்கொண்டே போகிறது.

சேலத்தில் ஓர் எலும்பு டாக்டர், இரண்டு தொடை எலும்பிலும் உள்பக்கம் சின்ன பிளேட் வைத்தால் கால் தானாக நேராகும், தள்ளிப்போடாதீர்கள் என்கிறார். இன்னொருவர், வளர்ச்சி முடியட்டும், அப்புறம் எலும்பை வெட்டி நேராக்கிக்கொள்ளலாம் என்கிறார். எங்கள் அம்மாவோ, "பொம்பளப் புள்ள கால்ல கத்தி வைக்காதே, வயசுக்கு வந்தா தானா சரியாயிடும்" என்று ஒரே பிடிவாதம். இதற்கிடையில் கம்பி வைத்த ஷூ ஒன்று வாங்கி ராத்திரியில் மாட்டிவிடுகிறோம், தூக்கமே இல்லாமல் அழுகிறாள்.

வளர்கிற எலும்பில் ஸ்குரூ போட்டால் குள்ளமாகிவிடுவாளா? இது புதிதாக வந்த முறையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழந்தைகள் எலும்பு மருத்துவர்:

சார், குழந்தையைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் இதில் காலம் கடந்தால் திரும்பக் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் கால் வெளிப்பக்கமாக வளைந்துதான் இருக்கும். இரண்டு வயதுவாக்கில் நேராகும், அப்புறம் 3, 4 வயதில் முட்டி தட்டும், 7 வயதுக்குள் பெரியவர்கள் கால் போல ஆகிவிடும். அதனால்தான் 4 வயதுக் குழந்தை என்றால் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறோம். 11 வயதில் 12 செ.மீ. இடைவெளி, அதுவும் கூடிக்கொண்டே போவது, கூடவே வலி, இது அந்தக் கணக்கில் சேராது. ஷூவால் இந்த வளைவு மாறாது. இன்றைக்கே கழற்றிவிடுங்கள், பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும்.

தொடை எலும்பின் கீழ்முனையில், முட்டிக்குச் சற்று மேலே, வளர்ச்சிக் குருத்து என்று மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. கால் நீள்வதில் பெரும் பங்கு அதனுடையது, வருஷத்துக்கு 9, 10 மி.மீ. வளரும். 8 என்ற எண் போல இரண்டு ஓட்டை உள்ள பிளேட்டை உள்பக்கம் வைத்து, ஒரு ஸ்குரூவைக் குருத்துக்கு மேலேயும் ஒன்றைக் கீழேயும் போடுவோம், குருத்துக்குள் போட மாட்டோம். முதலில் ஒரு மெல்லிய ஊசியைக் குருத்தில் செருகி, எக்ஸ்ரே திரையில் இடத்தை உறுதி செய்துகொண்டு அதன் மேல்தான் பிளேட்டை இறக்குவது. உள்பக்கம் வளர்ச்சி கட்டுப்படும், வெளிப்பக்கம் வழக்கம்போல் வளரும், அந்த வித்தியாசத்தில் கால் நேராகும். எலும்பின் உறையைச் சுரண்டாமல் வைப்பதால், பிளேட்டை எடுத்ததும் உள்பக்கம் பழையபடி வளரத் தொடங்கும். குள்ளமாகிவிடுவாள் என்ற பயம் வேண்டாம்.

புதிதும் இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கியில் வால்டர் பிளவுண்ட் என்ற எலும்பு மருத்துவர் 1949-லேயே குருத்தின் குறுக்கே ஸ்டேப்பிள் கம்பி அடித்து இதே தத்துவத்தில் செய்து காட்டினார். அந்த ஸ்டேப்பிள் சில சமயம் உடையும், இடம் விட்டுப் பிதுங்கும். அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த பீட்டர் ஸ்டீவன்ஸ் இந்த இரண்டு ஓட்டை பிளேட்டைக் கொண்டுவந்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்.

இப்போது உங்கள் அம்மா சொன்ன விஷயம். தொடை எலும்பில் மாதத்துக்குச் சுமார் முக்கால் முதல் 1 டிகிரி வரை திருந்தும், ஆக ஒரு வருஷமாவது வளர்ச்சி மிச்சம் இருக்க வேண்டும். முட்டியைச் சுற்றிய வளர்ச்சி பெண் பிள்ளைகளுக்கு 14 வயதுவாக்கிலும் பையன்களுக்கு 16 வயதுவாக்கிலும் நின்றுவிடும். வயதுக்கு வந்த பிறகு வளர்ச்சி வேகமாகக் குறையும், அதுவரை காத்திருந்தால் வேலை செய்ய வளர்ச்சி இருக்காது. அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் கத்தி சின்னதாக இருப்பது இப்போதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள். இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு வயது தெரியும், எவ்வளவு மிச்சம் என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவோம்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஏன் வளைந்தது? ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் (ரிக்கெட்ஸில் கூடுகிற ஒரு நொதி), வைட்டமின் டி, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கானது), பாராதைராய்டு ஹார்மோன், இவ்வளவும் பார்த்தாயிற்றா? ரிக்கெட்ஸோ (வைட்டமின் டி, கால்சியம் குறைந்து வளர்கிற எலும்பு மென்மையாவது), சிறுநீரகக் கோளாறோ, பாஸ்பரஸ் சிறுநீரில் வீணாகிற பரம்பரைக் கோளாறோ இருந்து, அதைக் கவனிக்காமல் பிளேட் மட்டும் வைத்தால் திருத்தம் மெதுவாகும், எடுத்த பிறகு திரும்ப வளையவும் செய்யும். நீங்கள் தர்மபுரி என்பதால் இன்னொரு கேள்வி: குடிக்கிறது போர் தண்ணீரா, ஒகேனக்கல் தண்ணீரா? உங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. ஃபுளோரைடும் கூடி, சாப்பாட்டில் கால்சியமும் குறைந்தால் வளர்கிற பிள்ளைக்குக் கால் வளையும். பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

கோவை அம்மா:

அண்ணா, என் பையனுக்கு இதே பிளேட் வைத்து எடுத்தாயிற்று. டாக்டர் சார் சொல்லாத வீட்டு விஷயங்களை நான் சொல்கிறேன்.

தையல் இரண்டு விரல் அகலம்தான். அடுத்த நாளே நிற்க வைத்தார்கள், கட்டு எதுவும் கிடையாது. ஆனால் வலிக்குப் பயந்து முட்டியை மடக்கியே வைத்துக்கொள்வார்கள், அதற்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்கிற பயிற்சி ஒன்று சொல்லித் தருவார்கள், டிவி பார்க்கும்போதெல்லாம் செய்ய வையுங்கள். குந்தி உட்காரக் கொஞ்ச நாள் ஆகும், வீட்டில் இந்திய டாய்லெட் என்றால் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றுக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுப்பார்கள். முதல் படத்தில் ஸ்குரூ இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும், அடுத்தடுத்த படங்களில் நுனிகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, விரித்த கத்தரி மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது. இந்தத் தேதிகளை மட்டும் தயவுசெய்து தவற விடாதீர்கள். எங்களோடு வார்டில் இருந்த ஒரு குடும்பம் ஊர் மாறிப் போய், பரிசோதனைக்கு வராமலே விட்டுவிட்டார்கள். முட்டி தட்டிய கால் எதிர்ப்பக்கம் வளைந்து வந்து நின்றது. அந்தப் பிள்ளைக்குத் திரும்ப ஆபரேஷன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷனுக்கு முன்னாலேயே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். பிளேட்டை எடுக்கிற செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓசூர்க்காரன்:

வளர்ச்சி முடிந்து வெட்டிக்கொள்ளலாம் என்றாரே ஒரு டாக்டர், அது எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். எனக்கு 20 வயதில் செய்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு பிளேட் இருப்பதே யாருக்கும் தெரியாது. தொடை எலும்பைக் குறுக்கே வெட்டி, திருப்பி, நீளமான பிளேட்டும் வரிசையாக ஸ்குரூவும் போட்டார்கள். ஆறு வாரம் காலை ஊன்றவே விடவில்லை. ஒரு கால் கூடிய பிறகுதான் அடுத்த கால். காலேஜில் ஒரு வருஷம் போய்விட்டது. இப்போது நன்றாக நடக்கிறேன், அந்த ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன், வேறு வழி இல்லாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் உங்கள் மகளுக்கு வேறு வழி இருக்கிறது அண்ணா.

பாலக்கோடு அப்பா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அன்றைக்கே ஷூவைக் கழற்றிவிட்டோம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு, அல்கலைன் பாஸ்படேஸ் அதிகம், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. பல்லில் கறை இல்லை. ஆனாலும் வீட்டு போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர்தான். எலும்பு வயது 11 என்று வந்திருக்கிறது. சேலம் டாக்டர், வைட்டமின் டி, கால்சியம் கொடுத்து மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பார்ப்போம், சரியாக வந்தால் உடனே பிளேட் என்கிறார். அம்மாவிடம் ஓசூர்த் தம்பி எழுதியதைப் படித்துக் காட்டினேன், இப்போது அவரே தேதி கேட்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். இடது கால் வலதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கிறது. ஒரு கால் முன்னாடியே நேராகிவிட்டால் என்ன செய்வார்கள்?

குழந்தைகள் எலும்பு மருத்துவர்:

அந்தக் காலின் பிளேட்டை மட்டும் முதலில் எடுத்துவிடுவோம், மற்றது இன்னும் சில மாதம் இருக்கும். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு கோடு போட்டுப் பார்ப்போம், அது முட்டியின் நடுவே போனால் போதும். சின்னக் குழந்தை என்றால் எடுத்த பிறகு கொஞ்சம் திரும்ப வளையும் என்று கணக்குப் போட்டு சற்றுக் கூடுதலாகத் திருத்திவிட்டு எடுப்போம், உங்கள் மகள் வயதில் அது அவ்வளவாகத் தேவைப்படாது. மூன்று மாத மருந்து சரியான முடிவு, அதை நாலைந்து மாதமாக இழுத்துவிடாதீர்கள். இதற்குள் அவள் வயதுக்கு வந்துவிட்டால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.