குரோம் பிளேட்டிங் யூனிட்டுக்கு 33ஏ நோட்டீஸ் வந்திருக்கிறது, பதில் எப்படி எழுதுவது?

பிளேட்டிங்_கோவை:
கோவையில் சிறிய நிக்கல்-குரோம் பிளேட்டிங் (முலாம் பூசும்) யூனிட். சிவப்பு வகை (அதிக மாசு ஏற்படுத்தும் தொழில் பட்டியல்), மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை நடப்பில் உள்ளது. ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வெளியேற்றும் நீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) லிட்டருக்கு 0.38 மி.கி. என்று ரிப்போர்ட். 'ஏன் மூடக்கூடாது, மின் இணைப்பை ஏன் துண்டிக்கக்கூடாது' என்று கேட்டு நீர்ச் சட்டம் 33ஏ பிரிவில் வாரியத்தின் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். மாதிரி எடுத்தபோது சூப்பர்வைசர் மட்டும் இருந்தார். நேராக ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்கலாமா?

சுற்றுச்சூழல்_வக்கீல்:
இப்போது கோர்ட்டுக்குப் போகாதீர்கள். விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸை எதிர்த்து ரிட் போட்டால், 'முதலில் பதில் கொடுங்கள்' என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். அதற்குள் 15 நாளும் ஓடிவிடும்.

பதிலை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். நேரடி விசாரணை வேண்டும் என்று தனி வாக்கியமாகக் கேளுங்கள். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது வேலைக்கு ஆகாது. ஈடிபி லாக்புக், கெமிக்கல் பில், ஈடிபிக்கான தனி மின் மீட்டர் ரீடிங், கசடு அனுப்பியதற்கான சீட்டான படிவம் 10 எல்லாம் இணைப்பாகப் போகவேண்டும். கெமிக்கல் வாங்கிய அளவும் லாக்புக்கில் எழுதிய அளவும் ஒத்துப்போகிறதா என்று முதலில் நீங்களே பாருங்கள். பல யூனிட்டுகள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நீர்ச் சட்டம் 21-வது பிரிவின்படி, மாதிரியைச் சோதிக்கப்போவதாக அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, உங்கள் ஆள் முன்னிலையில் இரண்டு பாகமாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். சூப்பர்வைசர் எதில் கையெழுத்துப் போட்டார் என்று விசாரித்து அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். இந்த முறை பின்பற்றப்படாவிட்டால் அந்த ரிப்போர்ட் வழக்கில் சாட்சியமாகாது. ஆனால் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அடுத்த மாதிரியும் அனுமதி வரம்பான 0.1 மி.கி.-ஐத் தாண்டினால் இந்த வாதத்துக்கு மதிப்பே இல்லை.

ஈடிபி_ஆபரேட்டர்:
அந்த 0.38 ஏன் வந்தது என்பதுதான் பதிலின் உயிர். பெரும்பாலும் ரிடக்‌ஷன் டேங்கில் (ஹெக்ஸாவேலன்டை நச்சு குறைந்த ட்ரைவேலன்டாக மாற்றும் தொட்டி) பிஹெச் பிரச்சினை. பிஹெச் 2 முதல் 3-க்குள் இருந்தால்தான் அந்த மாற்றத்தைச் செய்யும் சோடியம் மெட்டாபைசல்பைட் வேகமாக வேலை செய்யும். ஆசிட் மிச்சம் பிடிக்க 4-5-ல் விட்டால் ரியாக்‌ஷன் இழுத்துக்கொண்டே போகும், மஞ்சள் நிறம் முழுதாகப் போகாது. அந்த நிலையில் சுண்ணாம்பைக் கொட்டினால் மிச்ச ஹெக்ஸாவேலன்ட் கசடாகப் படியாமல் அப்படியே வெளியே வந்துவிடும். ஒரு கிலோ ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.75 கிலோ மெட்டாபைசல்பைட், நடைமுறையில் 3 கிலோவுக்குக் குறையக்கூடாது. பழைய ஈரம் ஏறிய மூட்டை என்றால் அதுவும் போதாது. மாற்றம் முழுதாக முடிந்ததா என்று காட்டும் ஓஆர்பி மீட்டர் இல்லையென்றால் உடனே ஒன்று போடுங்கள்.

ரிடக்‌ஷன் முடிந்தபின் குரோமியம் பிஹெச் 8 - 8.5-ல் படியும், நிக்கலுக்கு 10 பக்கம் வேண்டும். அதனால் இரண்டு கழுவுநீரையும் ஒரே டேங்கில் விடாமல் தனித்தனியாகப் பிரியுங்கள்.

தனியார் லேபில் சோதிப்பதானால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப் பாருங்கள். ஹெக்ஸாவேலன்ட் மாதிரியில் ஆசிட் சேர்க்கக்கூடாது. ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்கச் சொல்லுங்கள்.

பிளேட்டிங்_கோவை:
மிக்க நன்றி. அபராதத்தோடு மூடல் உத்தரவும் வந்துவிட்டால்?

சுற்றுச்சூழல்_வக்கீல்:
நீர்ச் சட்டம் 33ஏ உத்தரவு என்றால் 33பி-யின் கீழ் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு. உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள், அதற்குமேல் வழியில்லை. உத்தரவில் காற்றுச் சட்டப் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றுச் சட்டத்தில் முதலில் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகவேண்டும், நேரே தீர்ப்பாயத்துக்குப் போகமுடியாது. மேல்முறையீடு போட்டால் தானாக ஸ்டே கிடைக்காது, அதற்குத் தனி மனு போடவேண்டும்.

நீங்கள் அபராதம் என்று சொல்வது சுற்றுச்சூழல் இழப்பீடு. அதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் இருக்கிறது. சிவப்பு வகைக்கு 80, அதை நாள் எண்ணிக்கை, 250 ரூபாய், சிறு யூனிட்டுக்கு 0.5, மக்கள்தொகை 10 லட்சம் தாண்டிய ஊருக்கு 1.25 ஆகியவற்றால் பெருக்குவார்கள். நாளுக்கு 12,500 ரூபாய். நாள் எண்ணிக்கை, சரிசெய்ததை வாரியம் வந்து சரிபார்க்கும்வரை ஓடும். அதனால் வேலை முடிந்த அன்றே லேப் ரிப்போர்ட்டோடு மறுஆய்வு கேட்டுக் கடிதம் கொடுங்கள். பின்னால் நாள் கணக்கைக் குறைக்க அந்த முத்திரைத் தேதிதான் உதவும். வாரியங்களுக்கு இழப்பீடு விதிக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கான விதிகளை வகுத்தபிறகே பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. தொகை கேட்டு வந்தால் எந்த விதியின்கீழ், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுத்தில் கேளுங்கள்.

ஈடிபி_ஆபரேட்டர்:
இன்னொன்று: மறுஆய்வுக்கு வரும்போது கசடு ஷெட்டையும் பார்ப்பார்கள். 90 நாளைத் தாண்டிய மூட்டைகள் இருந்தால் அதற்குள் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.