டாஷ் கேமரா வழியில் அணைந்து அணைந்து வருகிறது, கோளாறு எங்கே?

செக்காலை_ரோடு:
காரில் ரோட்டைப் படம்பிடிக்க மாட்டியிருக்கும் டாஷ் கேமரா காரைக்குடியில் கிளம்பும்போது ஒழுங்காகத்தான் ஓடுகிறது, திருமயம் தாண்டுவதற்குள் கேமரா தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகிறது, குழியில் இறங்கி ஏறினால் கண்டிப்பாக அணையும். தேதி வேறு பழையதுக்குப் போய்விடுகிறது. லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜர் செருகித்தான் கரண்ட் கொடுக்கிறேன். கடையில் கேட்டால் கேமராவே போச்சு, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பள்ளத்தூர்க்காரன்:
அவசரப்படாதீங்க தம்பி. சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு பவர்பேங்கில் மாட்டி அதே ரோட்டில் போய்ப் பாருங்கள். அணையாமல் வந்தால் கேமரா நல்ல கேமராதான். சாக்கெட், சார்ஜர், ஒயர் இந்த மூன்றில்தான் வில்லங்கம். எனக்கு சாக்கெட் மேல் சந்தேகம். டார்ச் அடித்துப் பாருங்கள், ஓரத் தகடு விரிந்திருக்கும், அடியில் நம்ம ஊர் செம்மண் அப்பியிருக்கும், சார்ஜர் நுனியில் உள்ள ஸ்பிரிங் முள் சரியாகத் தொடாது. சாவியை எடுத்துவிட்டுத் துடையுங்கள், கம்பி விட்டுக் குடைந்தால் ஃபியூஸ் போய்விடும். ஒயரும் கேமராவோடு வந்ததாக இருந்தால் நல்லது. மெல்லிசான நீள ஒயரில் 5 வோல்ட் போய்ச் சேருவதற்குள் இறங்கிவிடும், கேமரா ரீஸ்டார்ட் ஆகும்.

கானாடுகாத்தான்_டிரைவர்:
தேதி மாறுகிறது என்றால் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரியும் செத்துவிட்டது. அது உயிரோடு இருந்தால் குழியில் ஒரு நொடி கரண்ட் விட்டுப்போனாலும் கேமரா தாங்கும். டூரிஸ்ட்களை இறக்கிவிட்டு மத்தியானம் முழுக்க வெயிலில் வண்டி போடுகிற எங்களுக்கு லித்தியம் பேட்டரி உப்பிப்போவது புதிதில்லை. பின்னாடி எப்போதாவது வாங்கினால் பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சூடு தாங்கும்.

செக்காலை_ரோடு:
பவர்பேங்கில் ஒரு தடவைகூட அணையவில்லை அண்ணே! சாக்கெட்டே வேண்டாம், ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேரடியாக இழுத்துவிடலாமா? ராத்திரி வீட்டு வாசலில் நிற்கும்போதும் ஓடினால் நல்லது.

பள்ளத்தூர்க்காரன்:
தாராளமாக. ஹார்ட்வயர் கிட் என்று கேளுங்கள், 12 வோல்ட்டை 5 ஆக்கிக் கொடுக்கும். பெரும்பாலும் மூன்று ஒயர் வரும்: மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஃபியூஸுக்கு, கறுப்பு பாடிக்கு. கலர் மாறியும் வரும், கிட்டோடு தரும் தாளைப் பார்த்துவிடுங்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் பார்க்கிங் ரெக்கார்டிங் வேலை செய்யாது. ஏர்பேக் ஃபியூஸ் பக்கம் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீங்க. கார் பேட்டரி இறங்கினால் தானாகக் கரண்டை நிறுத்தும் கட்-ஆஃப் வசதி உள்ள கிட் வாங்கி, அந்த அளவை 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வையுங்கள், கார் பேட்டரி பழசு என்றால் 12.2. இல்லாவிட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது, பேட்டரி ஆராய்ச்சி செய்யும் சிக்ரி இருக்கிற ஊரில் பேட்டரி இறங்கி வண்டியைத் தள்ளினால் பார்க்கிறவன் சிரிப்பான். கறுப்பு ஒயரைப் பெயின்ட் இல்லாத போல்ட்டில் முடுக்கச் சொல்லுங்கள், அது லூஸாக இருந்தால் திருமயத்தில் மறுபடி அணையும்.