பைத்தான் தேதிக் குறி %A மாதிரி பெரிய ஏ-வுக்குத் தமிழ்ல என்ன பேரு? (சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும். பேசுறவங்க பேருக்குப் பதிலா அவங்க பெங்களூரு ஏரியா)

அல்சூர்:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலைல ஏரிப் பக்கம் நம்ம பசங்களுக்கு நடத்துற பைத்தான் (கம்ப்யூட்டர் நிரல் மொழி) வகுப்புக்குப் பாடத்தாள் பிரிண்ட் போடணும், ஜெராக்ஸ் கடைக்காரர் சனிக்கிழமை ஏழு மணிக்கே ஷட்டரை இறக்கிடுவார். தேதி ஃபார்மேட் பாடம். தேதியை எழுத்தா மாத்துற ஸ்ட்ரஃப்டைம்ல சதவீதக் குறியோட பெரிய ஏ போட்டா சண்டேன்னு முழுசா வரும், சின்ன ஏ-ன்னா சன், பெரிய ஒய்-ன்னா 2025, சின்ன ஒய்-ன்னா வெறும் 25. சதவீதக் குறியும் எழுத்தும் சேர்ந்த இந்த ஜோடிக்கு இங்கிலீஷ்ல ஃபார்மேட் ஸ்பெசிஃபையர். தமிழ்ல? பழைய தாள்ல நானே 'வடிவமைப்புக் குறிப்பீட்டுரு'ன்னு எழுதி வச்சிருக்கேன். போன வாரம் சத்தமா வாசிக்கச் சொன்னா ஒரு பொண்ணு பாதியில தண்ணி குடிக்கப் போயிடுச்சு.

மல்லேஸ்வரம்:
தம்பி, 'குறி' போதுமே. எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவேன்னு தொல்காப்பியர் சொன்னதுக்கு மேல என்ன வேணும்? தனியா நிக்கிறது மொட்டையா தெரிஞ்சா 'குறியெதிர்ப்பு'. ஈகை அதிகாரத்து முதல் குறள்ல குறியெதிர்ப்பைன்னு வருதே, அளவு குறிச்சு வாங்கி அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. நீங்க ஒரு குறி கொடுக்கிறீங்க, எதிர்ல ஒரு கிழமை வருது. நாற்பது வருஷம் பாடம் நடத்தினேன், அந்தச் சொல்லுக்கு இப்பதான் ஒரு வேலை கிடைச்சிருக்கு.

சிவாஜிநகர்:
ஐயா மன்னிக்கணும். ஏழாங்கிளாஸ் பசங்ககிட்ட தனியா 'குறி'ன்னு சொல்லிப் பாருங்க, கடைசி பெஞ்சு அன்னிக்குப் பூரா சிரிக்கும். அப்புறம் குறியெதிர்ப்பைல வாங்கின அளவேதான திரும்பி வரணும்? பெரிய ஏ கொடுத்தா ஒரு நாள் செவ்வாய், ஒரு நாள் சனி, அளவு எங்க ஒத்துப் போகுது? என் ஓட்டு 'துண்டு'. தீபாவளிக்கு ஊருக்குப் போற பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம்ல, ஆள் வந்ததும் துண்டை எடுத்துடுறோம். அதேதான் இது. பசங்களுக்கு ஒரு நிமிஷத்துல புரியும்.

ஒயிட்ஃபீல்டு:
தம்பி, துண்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்த பாடத்துல ஸ்லைஸ் (ஒரு சொல்லுல ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறது) வருமே, அதுக்கு எந்தத் துண்டைப் போடுவ? நான் 'வடிவக்குறி'. குறி முன்னாடி ஒரு சொல் ஒட்டிக்கிட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க.

பேர விடுங்க, அந்த ஸ்லைஸ்தான் என் தலைவலி. தமிழ்க் கிழமை லிஸ்ட்ல ஒவ்வொரு பேர்லயும் முதல் மூணு எழுத்தை வெட்டினா சின்ன ஏ கிடைச்சுடும்னு ஒருத்தர் எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். 'திங', 'வெள'ன்னு வந்து நிக்குது. பைத்தான் எண்ணுறது யூனிகோடு புள்ளிகளை (கம்ப்யூட்டர்ல எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியா கொடுத்த எண்கள்), த, இகரக் குறி, ங, அதோட மூணு முடிஞ்சுது, மெய்ப்புள்ளி வெளிய. சிஎல்டிஆர் (மொழிவாரியா தேதி, கிழமைப் பேர் வச்சிருக்கிற யூனிகோடு தொகுப்பு) தரவுல 'திங்.', 'வெள்.', 'செவ்.'னு ஒவ்வொண்ணா கையால சுருக்கி வச்சிருக்காங்க. இன்னொண்ணு, லிஸ்ட்ல இருக்கிற பேரோட 'கிழமை'யை ஒட்டினா 'ஞாயிறுகிழமை', 'திங்கள்கிழமை'. பக்கத்து சீட்டு கன்னடக்காரருக்கு இந்தக் கஷ்டமே இல்ல, பானு, சோம, மங்கள, எதுக்கும் பின்னாடி 'வார'னு ஒட்டிட்டு காபி குடிக்கப் போயிடுறார்.

மல்லேஸ்வரம்:
மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்னு படிச்சிருந்தா அந்த ஆள் வெட்டியிருப்பாரா! ஞாயிறு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், வேற்றுமையில ற இரட்டிச்சு ஞாயிற்றுக்கிழமை ஆகுது, நன்னூல் தெளிவா சொல்லுது. வேற்றுமைன்னு ஏன் சொல்றேன்னா கிழமைன்னாலே உரிமை, ஞாயிற்றுக்கு உரிமையான நாள். அதை வெறும் பின்னொட்டா நினைச்சு ஒட்டினா இப்படித்தான். பாடத்தாள்ல இன்னொண்ணையும் திருத்திடுங்க, புதனும் சனியும் வடசொல். அறிவன், காரி. காரி பிடிக்கலன்னா புறநானூத்துல கபிலர் 'மைம்மீன் புகையினும்'னு பாடுறாரே, அந்த மைம்மீன் சனிதான். மைம்மீன்கிழமை, கேட்கவே எவ்வளவு நல்லாருக்கு!

சிவாஜிநகர்:
ஐயா, நாளைக்கு மைம்மீன்கிழமை லீவு வேணும்னு மேனேஜர்கிட்ட நீங்களே கேட்டுக் கொடுங்க. வடவெழுத்து ஒரீஇ (அதை விலக்கி) தமிழ் எழுத்தொடு புணர்ந்தா வடசொல்லும் சொல்லாகும்னு உங்க தொல்காப்பியரே விட்டுட்டார். பாட்டி காலத்துல இருந்து சனிக்கிழமைதான் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறோம், சனி வீட்டுக்காரனாகி எத்தனை காலமாச்சு.

அல்சூர்:
எல்லாரும் கொஞ்சம் கருணை வைங்க, மணி அஞ்சே கால். இதுக்கு நடுவுல எனக்கு வேற கூத்து. லிஸ்டை ஞாயிறுல ஆரம்பிச்சேன், கிழமைக்கு எண் கொடுக்கிற பைத்தான் வீக்டே திங்களைப் பூஜ்யமா எடுக்குது. போன வகுப்பு நடந்தது ஞாயித்துக்கிழமை, போர்டுக்குப் பக்கத்துல புரோகிராம் 'இன்று சனி'ங்குது. ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற இன்னொரு நிரல் மொழில இதே லிஸ்ட் சரியா வரும், அங்க ஞாயிறுதான் பூஜ்யம்.

மல்லேஸ்வரம்:
திங்களைப் போற்றுதும், அப்புறம்தான் ஞாயிறு போற்றுதும். இளங்கோவடிகள் பைத்தான் கட்சி.

ஒயிட்ஃபீல்டு:
தேதி எழுதுறதுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 8601 கூட திங்கள்லதான் வாரத்தை ஆரம்பிக்குது. ஐயா சொல்ற எதையாவது நான் ஒத்துக்கிறது இந்த மாசம் இதான் முதல் தடவை.

அல்சூர்:
கடைக்குள்ள நின்னு டைப் பண்றேன். வடிவக்குறி நாலு, துண்டு ரெண்டு, குறியெதிர்ப்பு ஒண்ணு. வடிவக்குறின்னே அடிச்சாச்சு, முப்பது காப்பி. புதன், சனி அப்படியே இருக்கு. லிஸ்ட்ல ஏழு பேரையும் கிழமையோட முழுசா எழுதி வச்சுட்டேன், ஒட்டுற வேலையே வேணாம்.

சிவாஜிநகர்:
நாலு ஓட்டுல ரெண்டு பேர் 'சீக்கிரம் முடிங்கப்பா'ன்னு மட்டும்தான் எழுதியிருந்தாங்க, அதை எப்படிண்ணே வடிவக்குறி கணக்குல சேர்த்தீங்க? நாளைக்கு வகுப்புக்கு நானும் வர்றேன், போர்டுல துண்டுன்னுதான் எழுதுவேன்.

மல்லேஸ்வரம்:
வடிவக்குறிக்கு வாழ்த்துகள். மைம்மீன் பத்தி இன்னும் யாரும் ஒழுங்கா பதில் சொல்லல.